நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகளின் குரல் ஏன் அடங்குகிறது?



ஹுத்தான் மெலிந்தாங்கில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் அண்மையில் எங்களிடம் கேட்டார்: "பையன் டிப்ளோமா முடிச்சிருக்கான் சார். வீட்டுல வாய் ஓயாது. இன்டர்வியூவுக்குப் போனா மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிறான், குரலே வெளிய வரலங்கிறான். மூணு இடத்துல வேலை கை நழுவிப் போச்சு. ஏன் சார்?"

இதற்கான பதில் அந்தப் பையனிடம் மட்டும் இல்லை. நம் வரலாற்றில் இருக்கிறது.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் வெடித்தது. சம்பள உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழிக்க வேண்டும்! நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

துரை முன் கைகட்டி நில், தரையைப் பார், கேட்டால் மட்டும் மெல்லப் பேசு. லயத்தில் நம் தாத்தாக்களுக்குச் சொல்லித் தரப்பட்ட பாடம் இதுதான். ரப்பர் போய் செம்பனை வந்தது. வெள்ளைக்காரத் துரையும் போய்விட்டார். பழக்கம் மட்டும் போகவில்லை!

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இந்தக் கதை தெரியாது. குனிந்த கண்ணைப் பார்த்து எதையோ மறைக்கிறான் என்று நினைக்கிறார். அடங்கிய குரலைக் கேட்டுத் தன்னம்பிக்கை இல்லை என்று குறித்துக்கொள்கிறார். "சரி" என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது அவருக்கு "இல்லை" என்று படுகிறது. நாம் மரியாதை என்று செய்வதே நமக்குக் குறையாகிறது.

பெற்றோரே, பயிற்சியை வீட்டிலேயே தொடங்குங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையை எதிரில் உட்கார வைத்து, உங்களுக்குத் தெரிந்த மலாயில் "சீலா பெர்கெனால்கான் டிரி" என்று கேளுங்கள். அடுப்படியில் நிற்பவருக்கும் வாக்கியத்தின் கடைசிச் சொல் வரை கேட்க வேண்டும். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்க்கட்டும். முதுகு நிமிர்ந்திருக்கட்டும். கையால் வாயை மறைக்க வேண்டாம். தலையாட்டாமல் "ஆம்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். கேள்வி புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்பது குற்றமல்ல.

முக்கியமான ஒன்று: "பெரியவங்க பேசும்போது வாயை மூடு" என்று அதட்டியே வளர்த்த பிள்ளை, அந்நியர் முன் திடீரென்று எப்படிப் பேசும்?

ஆனால் குறை முழுவதும் நம்முடையதா? இல்லை! 2019-இல் சென்ட்-ஜிபிஎஸ் என்ற ஆய்வு மையம், ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு இனப் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பியது. சீனப் பெயர்களுக்கு வந்த அழைப்புகளைவிட மலாய், இந்தியப் பெயர்களுக்கு வந்தவை மிகக் குறைவு. அங்கே குரலும் இல்லை, உடல்மொழியும் இல்லை. வெறும் விண்ணப்பம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது? கூட்டரசு அரசமைப்பின் 8(2) பிரிவு, அரசாங்க வேலை நியமனத்தில் சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரசமைப்பே வெளிப்படையாக அனுமதிப்பவை மட்டுமே விலக்கு. தனியார் துறையில் 1.1.2023 முதல் வேலைச் சட்டத்தின் 69F பிரிவு நடப்புக்கு வந்தது. பாகுபாடு பற்றிய தகராறைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்க அது வழி செய்கிறது. ஆனால் அது பேசுவது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறைத்தான். வேலை தேடி வாசலில் நிற்பவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! வேலை தேடுவோருக்கும் அந்தப் பாதுகாப்பு வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுவரை, தேர்வு முடிந்து வெளியே வந்ததும் தேதி, இடம், கேட்கப்பட்ட கேள்விகள் அனைத்தையும் எழுதி வையுங்கள். அழைப்புக் கடிதத்தை வீசிவிடாதீர்கள். கையில் ஆதாரம் இருந்தால்தான் நியாயம் கேட்க முடியும்.

சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்று சொல்ல அன்று நம் மக்கள் உயிரையே கொடுத்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு மேசை முன் தலை குனியலாமா?

நிமிர்ந்து உட்கார். உரக்கப் பேசு. உரிமையைக் கேள்!