கொக்கை எண்ணி என்ன லாபம்?
குளத்தின் கதையைச் சொல்லும் பறவைக் கணக்கு!

ஸ்ரீவைகுண்டம் அணையில் தண்ணீர் எத்தனை அடி? கேட்டால் அதிகாரிகள் உடனே சொல்லி விடுவார்கள். அந்தத் தண்ணீரை நம்பி இருக்கும் குளங்களில் எத்தனை நாரை, எத்தனை வாத்து? அதற்கும் ஒரு கணக்கு உண்டு. அதை எழுதுவது சம்பளம் வாங்காத ஆட்கள்!

கல்லூரி மாணவர்கள், வாத்தியார்கள், உத்தியோகஸ்தர்கள் என்று பலர் விடியற்காலையில் எழுந்து, பைனாகுலரும் நோட்டுமாகக் குளத்தங்கரைக்குப் போகிறார்கள். "தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு" என்று இதற்குப் பெயர். மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011-ல் இதைத் தொடங்கியது. ஜனவரி மாதத்தில் நடப்பது வழக்கம்.

பட்டணத்தில் பறவை பார்க்கப் பூங்காவுக்குப் போவார்கள். இங்கே குளத்தங்கரைதான் பூங்கா.

ஏன் ஜனவரி?

வடக்கே ஆசியாவில் பனி கொட்டும் காலம் அது. நீலச்சிறகு கிளுவையும் ஊசிவால் வாத்தும் பல ஆயிரம் மைல் தாண்டி வந்து நம்ம ஊர்க் குளங்களில் இறங்கி இருக்கும். ஒரு குளத்துப் பறவை பறந்து போய் இன்னொரு குளத்திலும் கணக்கில் ஏறிவிடக் கூடாது. அதனால் பல குளங்களில் ஒரே சமயத்தில் எண்ணுகிறார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் முதலில் பத்து, நூறு என்று ஒரு பகுதியை எண்ணி, அதை வைத்து முழுக் கூட்டத்தையும் மதிப்பிடுவார்கள்.

"கொக்கை எண்ணி என்ன ஆகப் போகுது?" என்று கேட்கலாம். விஷயம் இருக்கிறது.

கணக்கு சொல்லும் சேதி

உள்ளான் சேற்றில் நின்றுதான் இரை பொறுக்கும். கூழைக்கடாவுக்கு மீன் வேண்டும். நத்தைகுத்தி நாரைக்கு நத்தை வேண்டும். எந்தப் பறவை வந்தது, எது வரவில்லை என்று பார்த்தாலே குளத்தில் சேறு உண்டா, மீன் உண்டா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு வருஷக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாந்து போவோம். நல்ல மழை பெய்த வருஷத்தில் பறவைகள் ஊரெங்கும் உள்ள குளங்களுக்குச் சிதறிவிடும். ஒரு குளத்தில் எண்ணிக்கை குறையும். அது அழிவு அல்ல. மழை இல்லாத வருஷத்தில் மிச்சத் தண்ணீர் உள்ள குளத்தில் எல்லாம் வந்து குவியும். அது செழிப்பும் அல்ல! பத்து, பதினைந்து வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பேய்மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. பல குளங்கள் உடைந்தன. அப்படி உடைந்த குளம் பழையபடி ஆகிவிட்டதா? கரையை அடைத்தாச்சா என்று எஞ்சினீயர் சொல்லுவார். உயிர் திரும்பியதா என்று பறவைதான் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு முந்திய கணக்கு கையில் இருந்தால்தான் ஒப்பிட முடியும். எண்ணியவர்களின் உழைப்புக்கு மதிப்பு அங்கேதான்.

வௌவாலை யார் எண்ணுவது?

பறவைக்காவது ஆள் இருக்கிறது. வௌவால் பாடுதான் திண்டாட்டம். பகலில் பழைய மண்டபத்தின் இருட்டிலும் பெரிய மரங்களின் உச்சியிலும் தொங்கும். சாயங்காலம் கிளம்பும்போது கூட்டமாக வெளியே வரும். அந்த நேரத்தில் நின்று எண்ணினால் கணக்கு கிடைத்துவிடும்.

மண்டபத்தில் வாழும் சின்ன வௌவால்களில் பல பூச்சி தின்பவை. பழந்தின்னி வௌவால் விதை பரப்பும். இலுப்பைப் பூவில் மகரந்தச் சேர்க்கை செய்யும். ஆனாலும் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்கையோடு சேர்த்து நாசகாரப் பட்டியலில் வைத்திருந்தது. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. சட்டம் மாறியாச்சு. ஊரின் மனசு மாற வேண்டும்.

என்ன செய்யலாம்?

அணையில் தூர் வாருவது பற்றிய தகராறு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தூர் வார வேண்டாம் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். பறவை பார்ப்பவர்களும் அதற்கு எதிரி அல்ல. ஆனால் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரத்தில் நாரை கூடு கட்டி, குஞ்சு இருக்கும் நேரத்தில் கோடாலி விழக் கூடாது. எந்தக் குளத்தில், எந்த மாதத்தில் கூடு இருக்கிறது என்று இந்த ஆட்களிடம் கேட்டுவிட்டு ஏலத் தேதியைக் குறித்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கடைக்காரருக்கும் குமாஸ்தாவுக்கும் வழி இருக்கிறது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு மாடி போதும். பதினைந்து நிமிஷம் நின்று, கண்ணில் பட்டதை எழுதினால் போதும்.

கடையில் தினமும் இருப்பு பார்க்காவிட்டால் சரக்கு போனதே தெரியாது. குளமும் அப்படித்தான்!