மண்ணில் முளையாத கிழங்கு

கொல்லிமலைச் சரக்குகளுக்குச் சமவெளியில் கிராக்கி ஏற்பட்டிருக்கிறது. பெரக்கரை நாடு முதலாக அம்மலையிலுள்ள நாடுகளின் மிளகும் தேனும் பலாவும் சாமையும் 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஊரூராய்ச் செல்கின்றன. நாம் மகிழ வேண்டிய விஷயமே. ஆனால் அச்சரக்குகளுக்கு வியாபாரிகள் சூட்டும் விளம்பரத் தலைப்புகளைப் படித்தால் அம்மகிழ்ச்சி பாதி குன்றிவிடுகிறது. சித்தர்கள் ஒளித்துவைத்த ரகசியமாம். 4448 வியாதிகளுக்கும் ஒரே கிழங்காம்! முடவாட்டுக்கால் கிழங்குதான் இவ்வித எழுத்துக்கு முதல் இரை.

வாசகரின் ஆவலைத் தூண்டுவது குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. தலைப்பைப் படிப்போர், உள்ளிருக்கும் வாசகத்தைப் படிப்போரைப்போல் ஐந்து மடங்கினர் என்று விளம்பரத் தொழிலில் பேர்பெற்ற டேவிட் ஓகில்வி 1963-ல் எழுதினார். ஆகவே தலைப்பில் தோற்றவன் சந்தையிலும் தோற்றான். ஆனால் ஆவல் எப்படிப் பிறக்கிறது? தான் அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருப்பதை ஒருவன் காணும்போது பிறக்கிறது என்பது 1994-ல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க அறிஞர் கண்ட முடிபு. அப்படியாயின், சிறிதேனும் சொல்லித்தான் மிச்சத்தைக் கேட்கச் செய்ய வேண்டும். ரகசியம், ரகசியம் என்று கூவுவோர் ஒன்றும் சொல்வதில்லை; உள்ளே போய்ப் பார்த்தாலும் ஒன்றுமில்லை.

இத்தனைக்கும், அந்தக் கிழங்கைப் பற்றிய உண்மையே எவரையும் நிறுத்திக் கேட்க வைக்கக் கூடியது. அது கிழங்கே அன்று; ஒரு பெரணிச் செடியின் தண்டு. மண்ணில் புதைந்து பருப்பதில்லை. மரத்தையும் பாறையையும் பற்றிப் படர்கிறது. பழுப்பு ரோமம் போர்த்த அதன் தோற்றம் ஆட்டுக்காலை ஒத்திருக்கிறது. தோலைச் சீவி, மிளகு சீரகம் சேர்த்து, மலைக்கு வருவோருக்குச் சூப் வைத்துக் கொடுக்கிறார்கள். 'மண்ணில் முளையாத கிழங்கு எது?' என்று ஒரு வரி எழுதினால் படியாது போகிறவர் யார்? கேட்ட கேள்விக்குக் கீழேயே விடை கிடைக்கிறது. எழுதினவரின் கடனும் தீர்ந்தது. சாமைக்கும் இப்படியே. மரவள்ளி வந்து தள்ளிய தானியத்துக்கு மீண்டும் சந்தை தேடியது யார் என்று கேட்கலாம். சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனமும் மலைப் பெண்களும் 1990-களிலிருந்து பட்ட பாடு அதற்கு விடையாகும்.

பொய்த் தலைப்பால் வரும் கேடு பணத்தோடு நிற்பதில்லை. நீரிழிவுக்காரர் சூப்பை நம்பி மருந்தை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ஏமாந்தவர் வியாபாரியின் பெயரை மறந்துவிடுவார். கொல்லிமலை என்ற பெயரை மறக்கமாட்டார். அப்பெயரோ மலையாளி ஜனங்களின் முதலேயன்றி, சமவெளியில் பொட்டலம் கட்டுகிறவரின் முதல் அன்று.

ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-லேயே சட்டம் பிறந்தது. நோய் தீர்ப்பதற்கென்று விற்கும் பொருள் அதன்படி மருந்தே. சூப் என்று சொல்லித் தப்ப இயலாது. நீரிழிவும் புற்றும் தீருமென விளம்பரம் செய்தால் முதல் குற்றத்துக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. 2019-ம் வருஷத்திய நுகர்வோர் சட்டமும் துணை நிற்கிறது. நாமக்கல் ஜில்லா அதிகாரிகள் அடிவாரத்துக் கடைப்பலகைகளை ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். மலையிலுள்ள உழவர் சங்கங்களும் தங்கள் சரக்குக்குத் தலைப்பு எழுதும் வேலையைப் பிறரிடம் விடாமல் தாங்களே மேற்கொள்ளட்டும்.