இணையத்திற்கும் ஒரு நீர்க்கட்டி வேண்டும்

ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் எல்லைகளும் அருகருகே வந்து கூடும் இடத்தில் குப்பம் அமைந்திருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள இவ்வூரைச் சுற்றிலும் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் வழங்கி வருகின்றன. பாலாறு இப்பக்கமாகச் சென்றாலும் ஆண்டின் பெரும்பகுதி அது வறண்டே கிடக்கும். ஆகவே விவசாயிகள் மழையையும் ஏரிகளையும் ஆழ்குழாய்க் கிணறுகளையுமே நம்பியிருக்கின்றனர்.

ஏரிப் பாசனமுள்ள இத்தகைய ஊர்களில் நீர்க்கட்டி என்றொரு ஊழியர் உண்டு. மதகைத் திறந்து மூடுவதும், வாய்க்காலில் உடைப்பு ஏற்பட்டால் அடைப்பதும், கடைமடை நிலம் வரையில் முறை வைத்து நீர் பாய்ச்சுவதும் அவருடைய கடமைகள். ஊரார் தம் விளைச்சலில் ஒரு பங்கை அவருக்குக் கூலியாக அளந்து வந்தனர். ஏரி வெட்டுவது ஒருமுறை செய்யும் காரியம்; நீரைப் பங்கிடுவதோ நாள்தோறும் செய்ய வேண்டிய காரியம். இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

பிராட்பேண்ட் என்று வழக்கில் கூறப்படும் அகன்ற அலைவரிசை இணையத்தைக் கிராமங்களுக்குக் கொண்டு செல்லும் பணியில் இதே உண்மையை நாம் மறந்துவிடலாகாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குப்பத்தில் நடந்த பரிசோதனை

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் ஆந்திரப் பிரதேச சர்க்காருடன் சேர்ந்து குப்பத்தில் மூன்றாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கணினியும் இணையமும் கிராம மக்களின் வாழ்க்கையை உயர்த்த எவ்வகையில் உதவும் என்று கண்டறிவதே அதன் நோக்கம். கிராமங்களில் தகவல் மையங்கள் திறக்கப்பட்டன. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்திலும் அந்நிறுவனம் இதை ஒத்த முயற்சியொன்றை மேற்கொண்டது.

குப்பத்து முயற்சியில் நம் கவனத்திற்குரிய அம்சம் ஒன்று உண்டு. சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த சில பெண்களுக்கு டிஜிட்டல் காமிராவும், சூரிய சக்தியால் இயங்கும் சிறு அச்சு யந்திரமும் அளிக்கப்பட்டன. அவர்கள் ஊர் ஊராகச் சென்று, அடையாள அட்டைகளுக்கும் குடும்ப விசேஷங்களுக்கும் வேண்டிய புகைப்படங்களை எடுத்து, அங்கேயே அச்சிட்டுக் கொடுத்துப் பொருள் ஈட்டினர். மின்சாரம் நிலையாகக் கிடைக்காத ஊரிலும் கருவி இயங்கிற்று. ஏனெனில் அதனை இயக்குவதில் ஒருவருடைய ஜீவனம் அடங்கியிருந்தது.

ஆயினும் அது தவணை குறித்த திட்டம். ஒரு நிறுவனத்தின் தலைமை மாறலாம். அதன் லாப நஷ்டக் கணக்கும் மாறலாம். தவணை முடிந்தபின் நிறுவனம் விலகிக் கொள்வதில் குற்றம் காண்பதற்கில்லை. விலகிய மறுநாள் முதல் பழுது பார்ப்பவர் யார், அதற்கான செலவு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் திட்டத்தின் முதல் நாளிலேயே விடை எழுதப்பட்டிருக்க வேண்டும். இத்தகைய முயற்சிகள் அனைத்திற்கும் இதுவே உரைகல்.

மேலூரும் வீராம்பட்டினமும்

தமிழ்நாட்டு அனுபவமும் இதனையே வற்புறுத்துகிறது. 2001ஆம் ஆண்டில் மதுரை ஜில்லா மேலூர் வட்டாரத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் முயற்சியால் உருவான கம்பியில்லாத் தொலைபேசிச் சாதனத்தைக் கொண்டு கிராம இணைய மையங்கள் நிறுவப்பட்டன. சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கவும், கண் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும் அவை உதவின. எனினும் சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. இவற்றை ஆராய்ந்து மைக்கேல் பெஸ்ட், ராஜேந்திர குமார் ஆகிய இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, நிலையான வருமானம் இன்மையையும் தொடர்ந்த தொழில்நுட்ப உதவி இன்மையையும் முக்கிய காரணங்களாகக் குறிப்பிட்டது. நடத்துபவர் முன்பே பயிற்சி பெற்றிருந்ததும், தனியாக ஓர் ஊழியர் இருந்ததும் மையங்கள் நீடிக்கத் துணை செய்தன என்றும் அவர்கள் கண்டனர்.

இதற்கு மாறான உதாரணம் புதுச்சேரியில் கிடைக்கிறது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அங்கே கிராமத் தகவல் மையங்களை நடத்தத் தொடங்கியது. வீராம்பட்டினம் என்னும் மீனவ கிராமத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலைகளின் உயரம் பற்றிய விவரம் பெறப்பட்டு, ஒலிபெருக்கியின் மூலம் தமிழில் அறிவிக்கப்பட்டது. அன்றைய இணைப்பின் வேகம் இன்று நகைப்பிற்குரியது. ஆனால் அன்றாடம் அதனைப் படித்து, மொழிபெயர்த்து, ஊருக்குச் சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்திற்கு, 2004 டிசம்பர் 26ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி மூலம் ஆழிப்பேரலை பற்றிய எச்சரிக்கை வந்தது. தகவல் மையத்தின் ஒலிபெருக்கி அதனை முழங்கியதால் மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் தப்பினர். வேகமான கம்பியைக் காட்டிலும் விழிப்புள்ள மனிதர் மேல் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

கண்ணாடி இழையின் வலிமையும் பலவீனமும்

இன்று கிராமங்களுக்குச் செல்லும் இணைப்பு பெரும்பாலும் ஒளி இழையால் ஆனது. மயிரிழை போன்ற கண்ணாடியின் ஒரு முனையில் புகும் ஒளி, உட்புறச் சுவர்களில் முழு அகப் பிரதிபலிப்பு அடைந்து மறுமுனையை எய்துகிறது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி 1954இல் இழைக் கற்றையின் வழியே உருவத்தைச் செலுத்திக் காட்டினார். கண்ணாடியிலுள்ள அசுத்தங்களே ஒளியை விழுங்குகின்றன என்று சார்லஸ் காவ் 1966இல் விளக்கினார். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய உயர்தர இழையில் ஒரு கிலோமீட்டர் சென்றபின்னும் ஒளியில் சுமார் 95 சதவீதம் எஞ்சி நிற்கும்.

இழையின் பலவீனங்கள் வேறு. சாலை அகலப்படுத்தும் யந்திரமோ, குழாய்க்காகத் தோண்டும் கடப்பாரையோ பட்டால் அது அறுந்துவிடும். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டும். முனைகளை உருக்கி ஒட்ட மற்றொரு கருவியும் பயின்ற கையும் வேண்டும். மேலும், இழை முடியும் இடத்திலுள்ள பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகம் பூட்டப்பட்டு மின்விசை நிறுத்தப்பட்டால், ஆயிரம் கிலோமீட்டர் இழையும் பயனற்றதாகிவிடும்.

மத்திய சர்க்கார் 2011 அக்டோபரில் அனுமதித்த தேசிய ஒளியிழை வலையமைப்பு 2015இல் பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. சுமார் 2.5 லட்சம் கிராமப் பஞ்சாயத்துக்களை இணைப்பது அதன் குறிக்கோள். தமிழ்நாட்டில் மட்டும் 12,525 பஞ்சாயத்துக்கள் இதில் அடங்கும். ஆந்திரத்தில் இழையைப் பெரும்பாலும் புதைக்காமல் மின்கம்பங்களின் மேல் சுமார் 24,000 கிலோமீட்டர் தூரத்திற்குக் கட்டினர். 2017 டிசம்பர் 27ஆம் தேதி அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் அதனை நாட்டுக்கு அர்ப்பணித்தபோது, மாதம் 149 ரூபாய்க்கு இணையமும் தொலைக்காட்சியும் தொலைபேசியும் அளிப்பதாக அறிவிக்கப்பட்டது. கம்பத்தின் மேல் கட்டுவதால் செலவும் காலமும் குறையும். ஆனால் காற்றிலும் மழையிலும் கம்பம் சாய்ந்தால் விளக்கும் இணையமும் ஒருங்கே அணையும்.

முதலில் போடப்பட்ட பாதை பெரும்பாலும் ஒரே கோடாகச் சென்றது. இடையில் அறுந்தால் அதற்கப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் துண்டிக்கப்படும். 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய் செலவில் அனுமதிக்கப்பட்ட திருத்திய திட்டம், பாதையை வளையமாக அமைக்க வகை செய்கிறது. ஒருபுறம் அறுந்தாலும் மறுபுறமாக இணைப்பு வந்து சேரும். பத்தாண்டுப் பராமரிப்புக்கும் அதில் இடமுண்டு. இது பெரிதும் வரவேற்கத்தக்க திருத்தம்.

இழப்பின் அளவு வளர்ந்துவிட்டது

குப்பத்தில் தகவல் மையங்கள் திறக்கப்பட்ட காலத்தில் இணையம் ஓர் உபரி வசதி. அது நின்றால் எவரும் பட்டினி கிடக்கவில்லை. இன்று நியாய விலைக் கடையில் விரல்ரேகையைச் சரிபார்க்க இணைப்பு வேண்டும். ஊரக வேலை உறுதித் திட்டத்தின் பணியிடங்களில் 2023 ஜனவரி 1 முதல் கைபேசிச் செயலி வழியே வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஓய்வூதியமும், உதவித்தொகையும், பள்ளிச் சேர்க்கையும் இணையத்தையே நாடி நிற்கின்றன. இணைப்பு அறுந்த நாளில் அரிசிக்காக வந்த மூதாட்டி வெறுங்கையுடன் திரும்புகிறார்; அவருக்கு நடந்த தூரமும் நஷ்டம், இழந்த கூலியும் நஷ்டம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நேர்ந்ததை உபாத்தியாயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. இணைப்பு உள்ள வீட்டுக் குழந்தை படித்தது. இல்லாத வீட்டுக் குழந்தை காத்திருந்தது.

இந்நிலையில் 'இத்தனை பஞ்சாயத்துக்கள் இணைக்கப்பட்டன' என்ற கணக்கு மட்டும் போதாது. அகன்ற அலைவரிசையின் குறைந்தபட்ச வேகம் 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் என்றும், 2013இல் 512 கிலோபிட் என்றும், 2023இல் 2 மெகாபிட் என்றும் உயர்த்தி வரையறுக்கப்பட்டது. வேகத்தின் இலக்கணத்தை உயர்த்தினோம். நாணயத்தின் இலக்கணத்தையும் உயர்த்த வேண்டாமா? மாதத்தில் எத்தனை நாட்கள் இணைப்பு உயிருடன் இருந்தது என்பதே மெய்யான அளவுகோல்.

நமது யோசனை

பஞ்சாயத்து தோறும் இணையத்திற்கு ஒரு நீர்க்கட்டி நியமிக்கப்பட வேண்டும். அவர் அவ்வூரில் வசிப்பவராகவும், அவ்வூர் மக்களின் மொழியில் பேசுபவராகவும் இருத்தல் அவசியம். குப்பம் போன்ற எல்லைப் பிரதேசத்தில் தெலுங்கு அறிவிப்பைத் தமிழ்க் குடும்பத்திற்கு விளக்கிச் சொல்வதும் அவர் வேலையே. பெட்டிக்கு மின்சாரம் வருவதைக் கவனித்தல், பழுதை உடனே அறிவித்தல், விண்ணப்பம் நிரப்ப உதவுதல் ஆகியவை அவருடைய கடமைகள். அவருக்கு நிலையான அடிப்படை ஊதியம் பொதுப் பணத்திலிருந்து அளிக்கப்பட வேண்டும்.

இதற்குச் சில ஆட்சேபங்கள் எழலாம். 'எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே, இழை எதற்கு?' என்பது ஒன்று. கைபேசிக் கோபுரத்தின் திறன் பெருகுவதற்கே இழை வேண்டும். மேலும், நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்பு, தகப்பனாருடன் வேலைக்குச் சென்றுவிட்ட ஒரு கைபேசியை நம்பிப் படிக்க இயலாது.

'உள்ளூர்த் தொழில்முனைவோர் சந்தாவில் பங்கு பெற்று இதனைச் செய்வரே' என்பது மற்றொன்று. வீடுகள் நெருங்கிய, சந்தா செலுத்தும் வசதியுள்ள ஊரில் இது நடைபெறும். அவர்களுக்கு அங்கே இடமளிக்கத்தான் வேண்டும். சிதறிய குடிசைகளைக் கொண்ட ஏழைக் கிராமத்தில் பங்கு என்பது சொற்பத் தொகையே. மேலூர் மையங்கள் தளர்ந்ததும் வருமானக் குறைவினால்தான். மிகவும் தேவையுள்ள ஊரே மிகவும் லாபமற்ற ஊராக இருப்பதால், அங்கே ஊதியத்தை வாணிபத்தின் பொறுப்பில் விடுவது தகாது.

'செலவு மிகுமே' என்பது மூன்றாவது. குடிநீர்த் தொட்டியை இயக்குபவருக்கு ஊதியம் தருவதை யாரும் வீண் செலவு என்பதில்லை. குழாய் போட்டதனால் மட்டும் நீர் வராது என்பது அனைவரும் கண்ட உண்மை. லட்சம் கோடியைத் தாண்டிய முதலீடு ஒரு பூட்டிய அறையில் உறங்குமானால், அதுவே வீண் செலவு.

களத்தில் பணிபுரிவோர் இதற்காக உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியிலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வைத்து, ஒவ்வொரு நாளும் இணைப்பு இருந்ததா, இல்லையா, நின்றால் எத்தனை மணிக்கு நின்றது, எப்போது மீண்டது என்று குறித்து வாருங்கள். மேல் வகுப்பு மாணவர்கள் முறை வைத்து இதனைச் செய்யலாம். அளத்தல், பதிதல், சராசரி காணல் ஆகியவற்றில் அவர்களுக்கு அது நல்ல பயிற்சியும் ஆகும். மூன்று மாதக் குறிப்பைக் கிராம சபைக் கூட்டத்தில் படித்து, வட்டார அலுவலகத்திற்கு ஒரு பிரதி அனுப்புங்கள். மேலிருந்து வரும் கணக்கு இழையின் நீளத்தைச் சொல்லும்; நீங்கள் எழுதும் கணக்கே கடைமடைக்கு நீர் பாய்ந்ததா என்று சொல்லும்.