ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு

கொங்கு நாட்டுல பொறந்தவங்களுக்கு அரிசிம்பருப்பு சாதத்தைப் பத்தி விளக்க வேண்டியதில்லை. வெளியூர்ல இருந்து இங்க படிக்க வந்த நண்பர்களுக்காக மட்டும் ஒரு வரி: அரிசி, துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கறிவேப்பிலை எல்லாம் ஒரே குக்கர்ல, மேல நெய், பக்கத்துல அப்பளமோ உருளைக்கிழங்கு வறுவலோ. அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னா அதுதான். ஊருக்குப் போயிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பினா அதுதான். மழை பெஞ்சா அதுதான். செமஸ்டர் முடிஞ்சு பையோட வீட்டுக்குள்ள நுழையுற அன்னைக்கு "என்ன கண்ணு வேணும்?"னு கேட்டா நம்மள்ல பாதிப் பேர் சொல்ற பதிலும் அதுதான்.

இப்போ அந்தத் தட்டுக்கு ஒரு சிக்கல். வீட்டுல யாருக்காவது சுகர்னு ரிப்போர்ட் வந்த அன்னைக்கே, முதல்ல தடை விழறது இந்தச் சாதத்துக்குத்தான். உங்க வகுப்புல கேட்டுப் பாருங்க, எத்தனை பேர் வீட்டுல சுகர் மாத்திரை டப்பா இருக்குன்னு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில இருக்கிற மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்தின ஆய்வு 2023ல வெளியாச்சு. அதன் கணக்குப்படி இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்; இன்னும் 13.6 கோடிப் பேர் அதோட வாசல்ல நிக்கிறாங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அரிசிம்பருப்பை விடவும் வேண்டாம், அதுக்குப் பதிலா ஒரு மாற்று தேடவும் வேண்டாம். உள்ளே போற அளவை மாத்துங்க. அதையும் சுகர் இருக்கிறவருக்குத் தனியா செய்யாம, மொத்தக் குடும்பத்தோட குக்கர்லயே மாத்துங்க.

முதல்ல, நம்ம வீடுகள்ல வழக்கமா என்ன நடக்குதுன்னு பாப்போம். அப்பாவுக்குச் சுகர்னு தெரிஞ்சதும் ராத்திரி அவருக்கு மட்டும் சப்பாத்தி. மத்தவங்களுக்குச் சாதம். கொஞ்ச நாள்ல யூடியூப் பாத்துட்டு நாம ஒரு யோசனை சொல்லுவோம்: "சிறுதானியத்துக்கு மாறலாம்மா." இன்னும் தீவிரமான ஆளா இருந்தா கீட்டோ, பேலியோன்னு ஆரம்பிச்சு, காலிஃபிளவரைத் துருவி "இதான் சாதம்"னு தாத்தா தட்டுல வைப்போம். தாத்தா அதை என்ன பண்ணுவார்னு உங்களுக்கே தெரியும்.

நாம படிக்கிறது இன்ஜினியரிங். அதனால பேச்சை விட்டுட்டு கணக்கைப் போட்டுப் பாத்துடலாம். நாலு பேருக்கு வழக்கமான அளவு ரெண்டு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு. டம்ளருக்கு 200 கிராம்னு வெச்சுக்கோங்க. அப்போ அரிசி 400 கிராம், பருப்பு 100 கிராம். 100 கிராம் பச்சரிசியிலயோ புழுங்கலரிசியிலயோ சுமார் 78 கிராம் கார்போஹைட்ரேட், துவரம்பருப்புல சுமார் 55. கூட்டி நாலால வகுத்தா ஒரு ஆளுக்கு 92 கிராம். ராத்திரி ஒரு வேளைக்கு மட்டும். அப்பளம், உருளைக்கிழங்கு இதுல சேரலை.

சரி, சப்பாத்தி? ஒரு சப்பாத்திக்கு 30 கிராம் மாவுன்னா நாலு சப்பாத்தியில 77 கிராம் வந்துடுது. தொட்டுக்க உருளைக்கிழங்கு குருமா வெச்சா கிட்டத்தட்ட பழைய இடத்துக்கே வந்து நிப்போம்.

அரிசிக்குப் பதிலா அதே அளவு சாமை போட்டா? சாமையில 100 கிராமுக்குச் சுமார் 66. ஆளுக்கு 80 கிராம் வருது. 92க்கும் 80க்கும் நடுவுல 12 கிராம்தான். சாமையில நார்ச்சத்து கூட இருக்கு, அது நல்லதுதான், மறுக்கலை. ஆனா "மில்லட்தானே, ஒண்ணும் பண்ணாது"னு இன்னொரு கரண்டி போட்டுக்கிட்டா அந்த 12 கிராமும் போச்சு. மேல சொன்ன அதே ஆய்வுக் குழுவோட உணவுக் கணக்கு 2025ல 'நேச்சர் மெடிசின்' இதழ்ல வந்துது. இந்தியர்கள் சாப்பாட்டுல கிடைக்கிற ஆற்றல்ல சுமார் 62 சதவீதம் கார்போஹைட்ரேட்ல இருந்து வருதாம். மொத்த அளவைக் குறைக்காம, அரிசியை எடுத்துட்டு கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வெச்சா மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையறதா தெரியலைங்கிறதும் அதுல இருக்கு. நாம குக்கர்ல போட்ட கணக்கும் அதையேதான் சொல்லுது.

இப்போ அளவை மாத்திப் பாருங்க. அரிசி முக்கால் டம்ளர், பருப்பும் முக்கால் டம்ளர். ரெண்டும் 150 கிராம். அதோட அரைக் கிலோவுக்கு மேல காய், கீரை: அவரைக்காய், கத்தரிக்காய், சுரைக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை, எது இருக்கோ அது. கார்போஹைட்ரேட் ஆளுக்கு 50 கிராம், காய்க்கு ஒரு 5 சேத்தா 55. 92ல இருந்து 37 கிராம் கீழே. அரிசியும் இருக்கு, பருப்பும் இருக்கு, பேரும் மாறலை. குக்கரும் அதே அளவு நிறையும், ஏன்னா அரிசி விட்ட இடத்தைக் காய் பிடிச்சுக்குது.

புரதத்துக்கு ஆளுக்கு ரெண்டு வேகவெச்ச முட்டை. பழைய அளவுல ஒரு தட்டுக்குச் சுமார் 13 கிராம் புரதம், இதுல 23. முட்டை சாப்பிடாத வீடுன்னா கொஞ்சம் பன்னீர், இல்லைன்னா ஒரு கைப்பிடி வேர்க்கடலை. இதை விட்டுட்டா பத்தரை மணிக்குப் பசி எடுத்து பிஸ்கட் டப்பாவைத் தேடுவோம்.

உங்க ஜிம் நண்பன் "இது லோ-கார்ப்பே இல்லை"னு சொல்லுவான். சரிதான். கீட்டோக்காரங்க ஒரு நாள் முழுக்கவே 50 கிராமுக்குள்ள நிக்கப் பாக்குறாங்க. ஆனா அந்தக் கணக்குல ஒரு ஆள் வேணா நாலு மாசம் ஓட்டலாம். பாட்டி, அப்பா, அம்மா, பத்தாவது படிக்கிற தம்பின்னு நாலு பேர் சேர்ந்து உக்கார்ற வீட்டுல அது ஓடாது. எனக்கு வேண்டியது பத்து வருஷம் தாங்குற மாற்றம்.

ருசி? அரிசிம்பருப்போட சுகமே அந்தக் குழைவுலயும், சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குற வாசத்துலயும், மேல விடற நெய்யிலயும்தான் இருக்கு. இதுல எதுவுமே போகலை. பருப்பு கூடினா குழைவு கூடத்தான் செய்யும். நெய்யையும் எடுக்க வேண்டாம், ஒரு ஸ்பூன் இருக்கட்டும். செய்யறவங்களுக்கு மூணு குறிப்பு மட்டும்: பருப்பை அரை மணி நேரம் ஊற வைங்க; காயே தண்ணி விடும், அதனால வழக்கத்தைவிடத் தண்ணியைக் கொஞ்சம் குறைங்க; பருப்பு கூடறதால வாயுத் தொல்லை வரும்னு பயந்தா பெருங்காயமும் சீரகமும் தாராளமா போடுங்க. முக்கியமா, ஒரே நாள்ல மாத்தாதீங்க. வாரத்துக்கு ஒரு கைப்பிடி அரிசி குறையட்டும், ஒரு கைப்பிடி பருப்பும் காயும் ஏறட்டும். ஒரு மாசத்துல நாக்கு பழகிடும்.

"பாரம்பரிய சாப்பாட்டுல கை வைக்கலாமா?"னு பெரியவங்க கேப்பாங்க. நியாயமான கேள்வி. ஆனா எது பாரம்பரியம்? கொங்கு மண்ணுல பெரும்பகுதி மேட்டாங்காடு. ஆத்துப் பாசனமும் வாய்க்காலும் இருந்த ஊர்களைத் தவிர, மத்த இடங்கள்ல தினசரிச் சாப்பாடு கம்பும் சோளமும் ராகியும்தான். நெல்லுச்சோறு நோம்பிக்கும் விருந்துக்கும். பவானிசாகர் அணை 1955ல முடிஞ்சு கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணி ஓடினது, பின்னால வந்த புது நெல் ரகங்கள், ரேஷன் கடை இதெல்லாம் சேர்ந்துதான் அரிசியை எல்லா வீட்டுக்கும் மூணு வேளைக்கும் கொண்டு வந்துது. அந்தக் கம்பஞ்சோத்துலயும் கார்போஹைட்ரேட் இருந்துதேன்னு கேட்டா, ஆமா, இருந்துது. சாப்பிட்டவர் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு கவலை ஓட்டினார், ஏர் பூட்டினார். நாம சாப்பிட்டுட்டு லேப்டாப் முன்னாடி உக்கார்றோம்.

ரேஷன்னு சொன்னதும் இன்னொரு விகிதம் ஞாபகம் வருது. தமிழ்நாட்டுல 2008 செப்டம்பர்ல ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்துது. 2011 ஜூன் முதல் மாசம் 20 கிலோ வரை இலவசம். துவரம்பருப்பு அட்டைக்கு மாசம் ஒரு கிலோ, 30 ரூபாய். அந்த இலவச அரிசி எத்தனையோ வீட்டுல பட்டினியைத் தீர்த்திருக்கு, அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா இருபது பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்புன்னு கடையில கிடைச்சா, அடுப்புலயும் அந்த விகிதம்தானே எதிரொலிக்கும்? வெளிக்கடையில பருப்பு நூறு ரூபாய்க்கு மேல. நான் சொன்ன அளவுல வாரம் மூணு நாள் செஞ்சாலே மாசத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டு கிலோ பருப்பு ஆகும். வசதி இருக்கிற வீடு வாங்கிடும். மில் சம்பளத்துல ஓடற வீடு? அவங்களுக்கு நாம "அளவை மாத்துங்க"னு அறிவுரை சொன்னா மட்டும் போதாது. ரேஷன்ல பருப்போட அளவு ரெண்டு கிலோவா ஏறணும். நம்ம ஊர்க் கொள்ளும் அதுல வரணும். ஓட்டுப் போடற வயசு வந்துடுச்சு நமக்கு, இதையும் கேப்போம்.

கடைசியா, இதை எழுத வெச்ச முக்கியமான காரணம். அப்பாவுக்குச் சப்பாத்தி, மத்தவங்களுக்குச் சாதம்னு பிரிச்சா, ரெண்டையும் செய்யறது யாரு? அம்மா. எல்லாரும் சாப்பிட்ட பிறகு குக்கர்ல மிச்சமான சாதத்தைச் சாப்பிடறது யாரு? அதுவும் அம்மா. அப்பாவுக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்துப் பாக்குறோம். அம்மாவோட சுகர் கடைசியா எப்போ பாத்தோம்னு உங்களால சொல்ல முடியுமா? ஒரே குக்கர், ஒரே அளவுன்னு ஆயிடுச்சுன்னா அவங்களுக்கு ஒரு வேலை குறையுது, அவங்க தட்டும் சேர்ந்தே மாறுது. அதனாலதான் குடும்பத்தோட குக்கர்லயே மாத்தணும்னு ஆரம்பத்துலயே சொன்னேன்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் தாண்டிப் போயிடாதீங்க. இன்சுலின் போடறவங்க, கிளைமிபிரைட் மாதிரி மாத்திரை சாப்பிடறவங்க திடீர்னு அரிசியைக் குறைச்சா, சுகர் அபாயமான அளவுக்குக் கீழ இறங்கிடலாம். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கம் வரை போகும். சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்களுக்குப் பருப்பும் முட்டையும் ஏத்தறது சரியா வராம போகலாம். அதனால டாக்டர்கிட்ட "ராத்திரி சாதத்தைப் பாதியா குறைக்கப் போறோம், மருந்து அளவு மாத்தணுமா?"னு ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க. அந்தக் கேள்வியைக் கேக்கிறதுதான் நம்ம வேலை. யூடியூப் லிங்க் அனுப்பறது இல்லை.

இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போறீங்கன்னா மூணு காரியம் பண்ணுங்க. அம்மா எந்த டம்ளர்ல அரிசி அளக்கிறாங்கன்னு பாருங்க. அவரைக்காய் நார் எடுத்து, வெங்காயம் உரிச்சு, அன்னைக்குக் குக்கரை நீங்க வைங்க. மறுநாள் அம்மாவைக் கூட்டிட்டுப் போய் சுகர் பாத்துட்டு வாங்க. முடியலைன்னா 2021ல இருந்து நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வர்றாங்க, அவங்க எப்போ வருவாங்கன்னு விசாரிச்சு வைங்க.

நெய் ஊத்த மறந்துடாதீங்க. ஒரு ஸ்பூன்தான்.