கேட் திறந்திருந்தாலும் நிற்க வேண்டும்

கடலூர் முதுநகரில் ரயிலேறிச் சிதம்பரம் செல்கிறவர்கள் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே போவதுண்டு. இடையிடையே வரும் ரயில்வே கேட்டுகளை யாரும் எண்ணுவதில்லை. 2025ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் காலை அவற்றுள் ஒன்றின் பெயர் நாடெங்கும் தெரிந்துவிட்டது. அதுதான் செம்மங்குப்பம்.

அன்று காலை 7.45 மணியளவில் பிள்ளைகளை ஏற்றி வந்த பள்ளி வேன் ஒன்று அந்தக் கேட்டில் தண்டவாளத்தைக் கடந்தது. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பயணிகள் ரயில் அதன்மேல் மோதியது. மாணவர்கள் மூவர் மாண்டனர். நம் பள்ளியிலும் அதே நேரத்தில், அதே போன்ற வேன்களிலிருந்து, அதே வயதுப் பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

யார் குற்றம் என்ற கேள்வி உடனே எழுந்தது. கேட் கீப்பர் கேட்டை மூடத் தொடங்கியபோது வேன் ஓட்டுநர்தாம் விடச்சொல்லி வற்புறுத்தினார் என்று ரயில்வே தரப்பில் முதலில் கூறப்பட்டது. கேட் திறந்தே இருந்தது என்றார் ஓட்டுநர். உயிர் பிழைத்த மாணவரும் அவ்வாறே சொன்னார். பின்னர் கேட் கீப்பர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுக் கைதும் செய்யப்பட்டார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்றொரு வாதம் கிளம்பியது. சுரங்கப்பாதை ஏன் வரவில்லை என்று மற்றொரு வாதம். இவற்றையெல்லாம் நீதிமன்றமும் அரசும் பார்த்துக்கொள்ளட்டும். தாய்மாரும் ஆசிரியைகளும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கேட் திறந்திருந்தால் மட்டும் வேன் நிற்காமல் போய்விடலாமா?

இதற்கு விடை காண, அந்தக் கேட் எப்படி இயங்கியது என்பதைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். பல கேட்டுகள் சிக்னலோடு பிணைக்கப்பட்டவை. கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழும். கீப்பர் மறந்தாலும் சிக்னல் சிவப்பாகவே இருக்கும். விபத்து நடந்தபோது செம்மங்குப்பம் கேட் அவ்வகையைச் சேர்ந்ததாக இருக்கவில்லை. இத்தகைய கேட்டுகளில் நிலைய அதிகாரி தொலைபேசியில் அழைத்து ரயில் வருகிறது என்பார். கீப்பர் கேட்டை மூடிவிட்டு ஓர் இரகசிய எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நம்பித்தான் ரயில் புறப்படுகிறது. அதாவது, அத்தனை பேருடைய உயிரும் ஒரு மனிதருடைய வாய்ச்சொல்லில் தொங்குகிறது. அவர் தூங்கியிருக்கலாம், மறந்திருக்கலாம், பொய்யும் சொல்லியிருக்கலாம். வேனுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியப்போவதில்லை.

எந்தக் கேட்டைச் சிக்னலோடு பிணைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. நாளொன்றுக்குக் கடக்கும் ரயில்களையும் சாலை வண்டிகளையும் பெருக்கிப் பார்ப்பார்கள். அந்தத் தொகை 20,000ஐ எட்ட வேண்டும் என்றிருந்ததை, இந்த விபத்துக்குப் பின் 10,000 ஆகக் குறைக்க உத்தரவு வந்தது. நல்லதுதான். ஆனால் இந்தக் கணக்கில் வேன் என்பது ஒரு வண்டி மட்டுமே. அதனுள் எத்தனை பிள்ளைகள் என்று யாரும் பெருக்குவதில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவை நம் பெற்றோர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். காவலில்லாத கேட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். நடத்துநரோ உதவியாளரோ இறங்கித் தண்டவாளம் வரை நடந்து சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என்று பார்த்து, வண்டியை அழைத்துச் செல்ல வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் பார்க்க வேண்டும். எவ்வளவு தெளிவான சட்டம்! 2014இல் தெலங்கானாவின் மாசாயிப்பேட்டையிலும், 2018இல் உத்தரப் பிரதேசத்தின் குசிநகரிலும் இந்தச் சிறு செயலைச் செய்திருந்தால் பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள். குசிநகரில் மட்டும் 13 குழந்தைகள் போய்விட்டார்கள்.

அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கேட்டுகள் 2019 தொடக்கத்திலேயே ஒழிக்கப்பட்டுவிட்டன. பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் ஆளில்லாக் கேட்டோடு இறங்கிப் பார்க்கும் வழக்கமும் போய்விட்டது. ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று நம் கண்ணையும் காதையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

ஜப்பானில் கேட் திறந்திருந்தாலும் ஒவ்வொரு வண்டியும் தண்டவாளத்துக்கு முன் நின்றுதான் செல்ல வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1938 டிசம்பர் 1ஆம் நாள் பனிப்புயலில் ஒரு பள்ளிப் பேருந்து ரயிலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அந்நாட்டில், பள்ளிப் பேருந்து ரயில்வே கடவையில் நின்று, கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்ட பிறகே நகர வேண்டும் என்ற வழக்கம் பரவியது. கண்ணுக்குத் தெரியாத ரயிலைக் காது காட்டிக் கொடுக்கும். நம் வேன்களில் பாட்டு அலறிக்கொண்டிருந்தால் அந்தக் காதும் இல்லை.

"இதெல்லாம் ஏழை ஓட்டுநர் தலையில் பழியைப் போடுவதாகாதா?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. கேட் கீப்பர் தவறினால் அது கீப்பர் தவறுதான். சட்டம் அவரைத்தான் கேட்கும். ஆனால் வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட பிறகும் பல நூறு மீட்டர் ஓடித்தான் நிற்கும். கீப்பர் தவறிய அந்தக் கணத்தில் பிள்ளைகளுக்கு அருகில் இருக்கும் ஒரே பெரியவர் ஓட்டுநர். வேறு யாரிடம் சொல்வது?

அந்த ஓட்டுநரை அவசரப்படுத்துகிறவர்கள் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜூலை மாதம் அந்த வாரத்தில் என் வகுப்பில் இதைப்பற்றிப் பேசினேன். ஆலப்பாக்கம் பக்கமிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "கேட் போட்டுட்டா லேட் ஆயிடும் மிஸ். அதனால, 'அண்ணா, சீக்கிரம் போங்கண்ணா'ன்னு நாங்கதான் கத்துவோம்" என்றாள். லேட் ஆனால் என்ன என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் என்னைப் பார்த்தது. முதல் மணி அடித்த பிறகு வருகிறவர்களை வராந்தாவில் நிற்க வைப்பவள் நான். வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் குறிப்பவளும் நானே. அதற்கு மேல் அன்று என்னால் பாடம் நடத்த இயலவில்லை.

பெற்றோரும் விலக்கல்லர். ஐந்து நிமிடம் தாமதமானால் ஓட்டுநரின் கைப்பேசிக்கு எத்தனை அழைப்புகள்! காலையில் இரண்டு நடை அடித்தால்தான் அவருக்குக் கட்டுபடியாகும். நாம் கொடுக்கும் கட்டணம் அப்படி. வேனின் முன்கண்ணாடியில் வேளாங்கண்ணி மாதா படத்தை ஒட்டியிருக்கிறோம். பிள்ளைகள் ஏறியதும் காவல் தூதரை நோக்கிச் செபிக்கிறார்கள். அந்தச் செபத்தோடு ஒரு நிமிடம் நிற்பதையும் சேர்த்துக்கொள்ள ஏன் மனம் வரவில்லை?

ஆகவே நம் பள்ளி நிர்வாகத்துக்கும் மதர் அவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. 2012ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுப் பள்ளி வாகன விதிகள் ஒவ்வொரு வண்டியிலும் உதவியாளர் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஆயாவோ அண்ணனோ ஒவ்வொரு ரயில்வே கேட்டிலும், அது திறந்திருந்தாலும், இறங்கி இருபுறமும் பார்த்துக் கை காட்டட்டும். அதுவரை வேன் நகரக்கூடாது. பாட்டுப் பெட்டி அணைந்திருக்க வேண்டும். ஓட்டுநர் கைப்பேசியை எடுக்கக்கூடாது. பெற்றோரும் அந்நேரத்தில் அழைக்கக்கூடாது. பின்னால் நிற்கும் லாரி ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். உதவியாளர் இல்லாமல் ஓடும் தனியார் வேன்களில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், அடுத்த ஜூன் மாதத்துக்குள் ஓட்டுநரை நேரில் கண்டு இதைப் பேசி, கூடுதலாக ஆகும் பணத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

என் பங்குக்கு, கேட்டில் நின்று வந்த வேனின் பிள்ளைகளை இப்போது நான் வராந்தாவில் நிறுத்துவதில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே நீல மையால் 'கேட்' என்று மட்டும் எழுதுகிறேன். மற்ற வகுப்பாசிரியைகளும் அவ்வாறே செய்ய மதர் ஓர் அறிவிப்புத் தர வேண்டும்.