ஆண்மை ஊசி வியாபாரம்

திருநாவலூரில் ஒருவனுக்குக் கலியாணமாகி மூன்று வருஷமாய்ப் பிள்ளையில்லையென்றால், ஊரார் முதலில் அவன் மனைவியைத்தான் மலடியென்பார்கள். அவளிடம் குற்றமில்லையென்று டாக்டர் சொன்ன பிறகே புருஷன் இரகசியமாய் வெளியூர் பஸ் ஏறுவான். ஆண்மைச் சக்தி தருவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ம் வருஷத்துச் சட்டம் தடுத்தும் லேகிய வியாபாரம் ஒழிந்தபாடில்லை. இப்போது அந்த ஸ்தானத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் வருகிறது.

ஊசியின்மேல் நமக்கு விரோதமில்லை. விரையில் ஊறும் அச்சத்தை விஞ்ஞானிகள் 1935-லேயே செயற்கையாய்ச் செய்து காட்டினார்கள். மெய்யாகவே குறைந்தவனுக்கு அது நல்ல மருந்து. ஆனால் குறைவை எப்படி அறிவது? நாடி பிடித்தா, ஜாதகம் பார்த்தா? வெவ்வேறு இரண்டு நாள் காலையில், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம் இரண்டிலும் அளவு குறைந்து, உடம்பிலும் அதன் குறிகள் தெரிந்தால்தான் குறைவு.

வியாபாரி மறைப்பது இன்னொன்று. வெளியிலிருந்து இச்சத்து ஏறினால் மூளை விரைக்கு இடும் கட்டளையை நிறுத்திவிடும், விந்தணு குன்றிப்போகும். பிள்ளைக்காக ஊசி போட்டவன் பிள்ளைக்கே வழியடைத்துக்கொள்கிறான்! பழியோ மறுபடியும் அந்தப் பெண் தலையில்; இரண்டாம் கலியாணப் பேச்சும் கிளம்பும்.

தேவையுள்ளவனும் சும்மா இருக்கலாகாது. ஆரம்பிக்குமுன் சிவப்பணு அளவையும், நாற்பது கடந்தவர்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியையும் பார்த்துவிட்டு, மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எல்லாவற்றையும் மறுபடி அளக்கவேண்டும். ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் ஊசியை நிறுத்தியாகவேண்டும்.

உளுந்தூர்ப்பேட்டைச் சந்தையில் ஆடு வாங்கினால்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், தோழர்களே, ஊசிக்காரனிடம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு எங்கேயென்று கேட்க வெட்கப்படுவானேன்?