ஓட்டும் சுகமா, உழைக்கும் வண்டியா?

நண்பர்கள் கூட்டத்தில் கார் பேச்சு வந்தால் போதும், உடனே இரண்டு கட்சிகள் உருவாகிவிடும். ஒரு கட்சிக்கு பி.எம்.டபிள்யூதான் எல்லாம். "ஒரு வளைவில் திருப்பிப் பார், அப்போது தெரியும்" என்பார்கள். இன்னொரு கட்சி லெக்ஸஸ் கட்சி. "பத்து வருஷம் கழித்து ஸ்டார்ட் பண்ணிப் பார், அப்போது தெரியும்" என்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், விவாதிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மாதக் கடைசியில் பஸ் பாஸை நம்பி வாழ்பவர்கள், என்னையும் சேர்த்துத்தான் :-)

ஆனாலும் இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். நம்மில் யாராவது ஒருநாள் பிரீமியம் கார் வாங்கினால், பெரும்பாலும் அது ஷோரூமிலிருந்து வரப்போவதில்லை. ஐந்தாறு வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் கார்தான் நம் கைக்கு எட்டும். அப்போது இந்த விவாதத்தின் விடை நம் சேமிப்பையே பதம் பார்க்கும். ஆகவே கொஞ்சம் நிதானமாக யோசிப்போம்.

முதலில் சுகத்தின் பக்கம். 2006ல் பி.எம்.டபிள்யூ, என்54 என்ற எஞ்சினைக் கொண்டு வந்தது. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, சுமார் 300 குதிரைத் திறன். 335ஐ காரில் இதை ஓட்டிய பத்திரிகைக்காரர்கள் மயங்கிப் போனார்கள். 2007, 2008 என்று அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் சர்வதேச அளவில் 'ஆண்டின் சிறந்த எஞ்சின்' விருதும் கிடைத்தது. அதற்குள்ளாகவே சொந்தக்காரர்களிடமிருந்து புகார்கள் வர ஆரம்பித்துவிட்டன. பெட்ரோலை மிக அதிக அழுத்தத்தில் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்ப் பழுதாகும். அது பழுதானால் கார் ஸ்டார்ட் ஆக முக்கும், அல்லது ஓடிக் கொண்டிருக்கும்போதே திடீரென்று சக்தி இழக்கும். நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைசியில் 2010 அக்டோபரில், அமெரிக்காவில் மட்டும் சுமார் 1,30,000 கார்களை அந்த நிறுவனம் திரும்ப அழைக்க வேண்டி வந்தது.

விருது கொடுத்த நடுவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டியது புத்தம் புதிய கார். புதுக் காரில் அந்த எஞ்சின் அற்புதம்தான். ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்கும் என்ற கேள்வி விருதுப் படிவத்தில் இல்லை, அவ்வளவுதான்.

இப்போது மறுபக்கம். 1983ல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் சிறந்த கார்களோடு மோதக்கூடிய ஒரு சொகுசுக் காரை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களிடம் கேட்டார். ஆறு வருட உழைப்புக்குப் பிறகு 1989ல் லெக்ஸஸ் எல்.எஸ். 400 வந்தது. எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போதே பானட் மேல் அடுக்கிய ஷாம்பெய்ன் கோப்பைகள் ஆடாமல் நிற்கும் அந்த விளம்பரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கோப்பை நின்றது பெரிய விஷயமில்லை. அந்தக் கார்கள் நின்றதுதான் பெரிய விஷயம். 1996ஆம் ஆண்டு மாடல் ஒன்று 2019ல் 10 லட்சம் மைல் தாண்டி ஓடியது. கிலோமீட்டரில் 16 லட்சம்! நிலாவுக்குப் போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினாலும் அந்தத் தூரம் வராது.

ஆனால் லெக்ஸஸ் போஸ்டரை அறையில் ஒட்டி வைத்த பையன் எத்தனை பேர்? 2011ல் அமெரிக்காவின் பெபிள் பீச்சில் நடந்த கார் விழாவில் அகியோ டொயோடாவிடம், உங்கள் லெக்ஸஸ் சலிப்பூட்டும் கார் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் அதை மறக்கவில்லை. இனி சலிப்பான கார் வேண்டாம் என்று அவர் எடுத்த முடிவின் பலன்களில் ஒன்றுதான் 2017ல் வந்த எல்.சி. 500. ஆக, 'பழுதாகாது' என்ற ஒரே குணத்தை வைத்து ரொம்ப நாள் ஓட்ட முடியாது என்று அந்த நிறுவனத்துக்கே புரிந்திருக்கிறது.

சரி, சுகம் வேண்டுமென்றால் பழுதைச் சகித்துத்தான் ஆக வேண்டுமா? இங்கே கொஞ்சம் இயற்பியல் தேவை (பயப்பட வேண்டாம், பிளஸ் டூ அளவுதான்). எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பிஸ்டனை மேலும் கீழும் இழுக்கும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். சுழற்சி இரண்டு மடங்கு ஆனால் விசை நான்கு மடங்கு. இந்த விசை முழுவதும் கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் மெல்லிய பேரிங் மேலும், அதற்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள ஆயில் படலத்தின் மேலும் இறங்குகிறது. 2005ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5, பத்து சிலிண்டர், 507 குதிரைத் திறன், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும். அதன் சத்தத்துக்காகவே உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. அதே காரில் கனெக்டிங் ராட் பேரிங் தேய்ந்து எஞ்சினே போவதும் ஊரறிந்த கதை.

இத்தோடு நிறுத்தினால், "பார்த்தாயா, சுகத்துக்கு விலை உண்டு" என்று முடித்துவிடலாம். ஆனால் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். குறுக்கே வந்து நிற்கிறது. 1990ல் வந்த கார். அலுமினிய உடல், 8,000 சுற்று வரை போகும் ஆறு சிலிண்டர் எஞ்சின், டைட்டானியம் கனெக்டிங் ராட். அயர்டன் சென்னா சுசூகா பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்த்துக் கருத்து சொன்ன கார். தினமும் ஆபீசுக்கு எடுத்துப் போகலாம் என்று பெயர் வாங்கிய கார். உயர் சுற்றின் விசையை ஹோண்டாவும் சந்தித்தது. எடை குறைந்த ராடைப் போட்டு, அதற்கான செலவை ஏற்றுக்கொண்டு சமாளித்தது. அதாவது, இயற்பியல் கஷ்டத்தைக் கொடுக்கிறது. அந்தக் கஷ்டத்தின் செலவைத் தொழிற்சாலை ஏற்பதா, காரை வாங்கியவன் ஏற்பதா என்பதை முடிவு செய்வது மனிதர்கள்தான்.

இங்கேதான் என் உண்மையான புகார். அமெரிக்கா போன்ற பெரிய சந்தைகளில் பிரீமியம் கார்களில் கணிசமான பகுதி மூன்று வருட லீசில் போகிறது. பி.எம்.டபிள்யூவின் அமெரிக்க வாரண்டி 4 வருடம் அல்லது 50,000 மைல். முதலில் ஓட்டுபவர் அதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த புதுக் காரில் ஏறிவிடுவார். அவருக்கு ஐந்தாவது வருடப் பிரச்சினையில் என்ன அக்கறை? அவரைத் திருப்திப்படுத்தினால் போதும் என்று வடிவமைக்கும் நிறுவனத்துக்குத்தான் என்ன அக்கறை? அங்கே ஒரு காலத்தில் 15,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்றார்கள். பிறகு அதை 10,000 மைலாகக் குறைத்தார்கள். சுகம் முதல் ஆளுக்கு, பில் இரண்டாம் ஆளுக்கு.

அந்த இரண்டாம் ஆள் நாமாக இருக்க வாய்ப்பு அதிகம். பழைய காரின் விலை வருடா வருடம் இறங்கும். உதிரிபாகத்தின் விலை இறங்காது. காரை மாருதி விலைக்கு வாங்கியிருக்கலாம், ஆனால் சஸ்பென்ஷனுக்கும் கியர் பாக்ஸுக்கும் பி.எம்.டபிள்யூ விலையைத்தான் கேட்பார்கள். யானையைச் சல்லிசாக வாங்கிவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர், தீனிச் செலவு பூனைக்கு ஆகிற அளவுதான் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இதற்காக 'லெக்ஸஸ் வாங்கு, ஜெர்மன் கார் வாங்காதே' என்று தீர்ப்பு எழுதவும் நான் தயாரில்லை. பெயர்ப் பலகை நம்மை ஏமாற்றும். 1990களின் கடைசியில் வந்த போர்ஷே 911ல் ஐ.எம்.எஸ். பேரிங் என்ற சின்னப் பாகம் உடைந்து எஞ்சினையே காலி செய்தது. அதே 911 என்ற பெயரில் வந்த பிற்காலக் கார், 2021ல் ஜே.டி. பவர் நிறுவனத்தின் நம்பகத்தன்மை ஆய்வில் எல்லா மாடல்களுக்கும் மேலே வந்தது (அது மூன்று வயதுக் கார்களைப் பற்றிய ஆய்வு என்பதையும் மனதில் வையுங்கள்). மறுபக்கம், 2024ல் டொயோட்டா தன் வி6 டர்போ எஞ்சினுக்குள் உற்பத்தியின்போது தங்கிய உலோகத் துகள்களுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அதில் லெக்ஸஸும் உண்டு. என்54 கொடுத்த அதே பி.எம்.டபிள்யூ 2015ல் கொண்டு வந்த பி58 எஞ்சின் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. 2019ல் வந்த புது சூப்ராவுக்கு டொயோட்டாவே அதைத்தான் வாங்கிப் போட்டது. நம்முடைய இரண்டு கட்சிகளும் ஒரே பானட்டுக்கு அடியில் கூட்டணி வைத்துவிட்டன!

ஆகவே என் கருத்து இதுதான். வாரண்டிக்குள் காரை மாற்றிவிடும் வசதி இருப்பவர் மனதுக்குப் பிடித்ததை ஓட்டட்டும், அவருக்கு இந்த விவாதமே தேவையில்லை. வாரண்டி முடிந்த காரை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நம்பகத்தன்மையைத்தான். அதிலும் பிராண்டைப் பார்க்காமல், எந்த எஞ்சின், எந்த ஆண்டு, அந்த எஞ்சினில் எது வழக்கமாகப் போகும், அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டும். சர்வீஸ் ரெக்கார்ட் இல்லாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடக் கூடாது. இந்தக் கேள்விகளையெல்லாம் தாண்டி வருகிற கார்களில், எது உங்களைச் சிரிக்க வைக்கிறதோ அதை வாங்குங்கள்.

"இருப்பது ஒரு வாழ்க்கை, அதில் கணக்குப் பார்த்தா கார் ஓட்டுவது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லிக் கொள்கிறேன். மெக்கானிக் ஷெட்டில் நிற்கும் எம்5க்கும் அதே ஷெட்டில் நிற்கும் அம்பாசடருக்கும் வேகம் ஒன்றுதான். கார் ஓடினால்தான் சுகம், ஓட்டக் கையில் காசும் மிச்சம் இருக்க வேண்டும்.